துப்பாக்கி வேட்டையும் நமது உணவும்

 

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசல் படியில் இறங்கும்போது உறையூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தினார். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். துப்பாக்கி சம்பந்தப்பட்டது” என்றார். அருகில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே நம்மை ஓரமாக அழைத்துச் சென்று விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய அத்தா அந்தக் காலத்து வேட்டைப் பிரியர். 1968, 69 வாக்கில், திருவரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் கவுதாரியும், மழைக்காலம் முடிந்ததும் லால்குடிப் பக்கத்து வயல்களில் உள்ளானும், பச்சைமலை அடிவாரத்தில் முயலும் சுட்டுக்கொண்டு வருவாராம். விசையை அழுத்துமுன் பிஸ்மில்லாஹ் சொல்லாமல் ஒருநாளும் சுட்டதில்லையாம். ஆனால் பை வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுக்களை வாசலிலேயே நின்று ஒவ்வொரு பறவையின் கழுத்தையும் தூக்கிப் பார்ப்பார்களாம். அறுத்த அடையாளம் இருந்தால்தான் உள்ளே போகும். இல்லாததைத் தொடவும் மாட்டார்கள், தம் சட்டியில் ஆக்கவும் விடமாட்டார்கள். அத்தா கோபித்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு மூட்டி வேலைக்காரரை வைத்துச் சமைக்கச் சொல்வாராம். பாதி வீடு சாப்பிடும், பாதி வீடு சாப்பிடாது. சிறுவனாக இருந்த இவர் இரண்டு பக்கமும் சாப்பிட்டிருக்கிறார்.

“இருவரும் மவுத்தாகிவிட்டார்கள். யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது என் மகன் மெல்போர்னில் இருக்கிறான். அங்கே லைசென்ஸ் வாங்கிவிட்டான். முயலுக்கும் பறவைக்கும் சேர்த்து ஒரே ஒரு துப்பாக்கி வாங்கப் போகிறானாம். எது வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறான். அத்தாவின் பிள்ளை என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறான். அவன் பிள்ளைகள் அந்தக் கறியைச் சாப்பிடப் போகிறார்கள். நான் என்ன பதில் எழுதட்டும்?” என்று கேட்டார்.

மஸ்அலா ஒன்றல்ல, மூன்று. எந்தத் துப்பாக்கி, எந்த இடத்தில், சுட்டது ஆகுமா என்பவை. நமக்கு உரிய பாடம் மூன்றாவதுதான். ஆனால் அது முதலாவதோடு பின்னிக் கிடக்கிறது என்பதை நூல்களைப் புரட்டியபோதுதான் நாமே உணர்ந்தோம். ஆயுத விஷயத்தில் நாம் கற்றுக்குட்டி. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததையே எழுதுகிறோம்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். நம் நாட்டில் வேட்டை என்பது முடிந்துபோன கதை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் முதலில் லைசென்ஸின் பேரில் சிறு வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991இல் வந்த திருத்தம் அந்த வாசலையும் அடைத்தது. கவுதாரி, காடை, உள்ளான், முயல் யாவும் இன்று சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறலுக்கே மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மயில் போன்ற முதல் அட்டவணை உயிர்களுக்குத் தண்டனை இன்னும் கடுமை. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருப்பது வேட்டைக்கு அனுமதி ஆகாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுபவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

சுடுபவரை மட்டும் சொல்லி வாங்குபவரை விட்டுவிடக் கூடாது. சாலையோரத்தில் சாக்குப் பையை மெதுவாகத் திறந்து காட்டி, காட்டுக் கவுதாரி என்று விற்றால், மருந்துக்கு நல்லது என்று சொல்லி வாங்கும் வீடுகள் உண்டு. அது சட்டப்படி குற்றம். மார்க்கப்படியும், அந்தப் பறவை கண்ணியில் செத்ததா, சுட்டுச் செத்ததா, எவர் அறுத்தார், அறுத்தாரா இல்லையா என்று எதுவும் தெரியாமல் வாங்குவது. பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை கடையில் உயிரோடு கிடைக்கிறது. நம் கண்முன் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துத் தருகிறார்கள். ஆசை கறியின் மீது என்றால் அது போதுமே!

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

வேட்டை அடிப்படையில் ஆகுமானது. அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆவது வசனம் பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அனுமதிக்கிறது. அதற்கு முந்தைய 3ஆவது வசனம் விலக்கப்பட்டவற்றை வரிசைப்படுத்துகிறது. தானே செத்தது, கழுத்து நெரிபட்டுச் செத்தது, அடிபட்டுச் செத்தது, உயரத்திலிருந்து விழுந்து செத்தது என்று அந்த வரிசை போகிறது. இவற்றில் அடிபட்டுச் செத்ததற்கு அரபியில் மவ்கூதா என்று பெயர். துப்பாக்கி மஸ்அலா முழுவதும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நிற்கிறது.

அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையில் தேர்ந்த ஸஹாபி. இறகில்லாத ஒருவகை எறிகோலைப் பற்றி அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அதன் கூர்முனை துளைத்துக் கொன்றதைச் சாப்பிடலாம், அகலப் பக்கம் பட்டு அடியால் செத்தது மவ்கூதா, அதைச் சாப்பிட வேண்டாம் என்ற கருத்தில் பதில் கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இந்த ஹதீஸ் உண்டு. கோல் ஒன்றுதான், எறிந்தவரும் ஒருவர்தான், அவர் சொன்ன பிஸ்மில்லாஹ்வும் ஒன்றுதான். ஆனால் பட்ட விதத்தால் ஒன்று ஹலாலாகிறது, மற்றொன்று ஹராமாகிறது. உறையூர்ப் பெரியவரின் அத்தா இந்த இடத்தைத்தான் கவனிக்கவில்லை. பிஸ்மில்லாஹ் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஹனஃபி மத்ஹபில் வேண்டுமென்றே விட்டால் பிராணியே ஹராமாகிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத். ஆனால் பிஸ்மில்லாஹ் மட்டும் போதாது. கொன்ற கருவி வெட்டிக் கொன்றதா, இடித்துக் கொன்றதா என்பதும் பார்க்கப்படும்.

துப்பாக்கிக் குண்டு எந்த வகை? பழைய கிதாபுகளில் ‘புந்துகா’ என்ற சொல் வரும். அது இன்றைய துப்பாக்கிக் குண்டு என்று சிலர் மயங்குவதுண்டு. அது வில்லில் வைத்து அடிக்கும் களிமண் உருண்டை. அதனால் செத்ததை மவ்கூதா என்று இப்னு உமர் (ரலி) கூறியதாகப் புகாரியில் வருகிறது. வெடிமருந்துத் துப்பாக்கி பரவியபின் அறிஞர்கள் அந்தப் பழைய அளவுகோலை வைத்துப் புதிய கருவியை அளந்தார்கள். இங்கே ஒரு வியப்பு. அடுத்தடுத்த தலைமுறைகளில் மூன்று ஊர்களில் மூன்று பேர் இதைப் பேசியிருக்கிறார்கள். எகிப்தின் மாலிகி அறிஞர் தர்தீர் (ரஹ், வஃபாத் 1786) ஈயக் குண்டால் வேட்டையாடியதைச் சாப்பிடலாம் என்றார். அது மற்ற ஆயுதங்களைவிட வலுவாக இரத்தத்தை ஓட்டி விரைவில் உயிரைப் போக்குகிறது என்பது காரணம். யமனின் ஷவ்கானி (ரஹ், வஃபாத் 1834), குண்டு உடலைத் துளைக்கிறது, ஆகவே கூர்முனை துளைத்ததன் சட்டமே இதற்கும் என்றார். டமாஸ்கஸின் ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ், வஃபாத் 1836) மறுத்தார். ஈயத்துக்கு விளிம்பும் இல்லை, கூரும் இல்லை. மிகுந்த வேகத்தில் தள்ளப்படுவதால் சுட்டும் நசுக்கியும் உள்ளே போகிறது. அது வெட்டு ஆகாது என்றார். ஷாஃபிஈ மத்ஹபின் நிலையும் இதற்கு நெருக்கமே. குண்டு பட்டுச் செத்தது ஆகாது. உயிரோடு கிடைத்து அறுத்தால் ஆகும்.

இக்கால ஹனஃபி அறிஞர்களில் சிலர், ரைஃபிளின் கூரிய முனைக் குண்டை அம்போடு ஒப்பிட்டு இடம் கொடுக்கிறார்கள். அந்த வாதம் ரைஃபிளுக்கு எவ்வளவு பொருந்துமோ, நம் பெரியவரின் மகன் வாங்கப்போகும் ஷாட்கன்னுக்குப் பொருந்தாது. அதன் தோட்டாவுக்குள் இருப்பவை உருண்டை ரவைகள். பிரிட்டிஷ் கணக்கில் ஆறாம் எண் ரவை ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் கனம். ஒரு அவுன்ஸில் 270 வரை இருக்கும். கூர் என்று சொல்ல அவற்றில் ஒன்றுமில்லை. அவை பரவலாகப் போய் நாலைந்து பறவையின் மேல் பட்டு, அந்த இடியாலும் துளையாலும் சேர்ந்து உயிர் போகிறது. இரண்டில் எதனால் செத்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஹலாலும் ஹராமும் ஒரே பிராணியில் கலந்து சந்தேகமானால் ஹராம் பக்கத்தையே எடுக்க வேண்டும் என்பது நாம் மதரஸாவில் முதல் வருடங்களிலேயே படித்த விதி.

ஆகவே நம் பகுதியின் ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின்படியும், கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படியும், அடுக்களை வாசலில் நின்று கழுத்தைத் தூக்கிப் பார்த்த அந்தத் தாயார்தான் சட்டப்படி நின்றார்கள். எந்த மதரஸாவிலும் ஓதாமல், மாமியாரிடமும் தாயாரிடமும் கேட்டதை வைத்தே நின்றிருப்பார்கள். அல்லாஹ் அவர்களுடைய கப்ரை ஒளியாக்குவானாக! இதைச் சொன்னபோது பெரியவரின் முகம் வாடியது. அத்தா ஹராம் சாப்பிட்டாரா என்பதுதான் அடுத்த கேள்வி என்று நமக்குத் தெரியும். அவர் ஹலால் என்று நம்பியே சாப்பிட்டார். அப்படிச் சொன்ன பெரும் அறிஞர்களும் இருந்திருக்கிறார்கள். அறியாமல் நடந்ததற்கு மறைந்த மனிதரைக் கூண்டில் ஏற்றுவது நம் வேலையல்ல. துஆ செய்யுங்கள், அவர் பெயரால் தர்மம் செய்யுங்கள் என்று சொன்னோம். தெரிந்துகொண்ட பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் நம்மீதுள்ள கணக்கு.

இப்போது மகனுக்கு. அவர் இருக்கும் நாட்டில் முயல் வேட்டை சட்டத்துக்கு உட்பட்டதுதான். 1859இல் விக்டோரியாவில் ஒரு பண்ணையார் பொழுதுபோக்குக்காக விட்ட சில முயல்கள் கண்டம் முழுவதும் பெருகிப் பயிரை அழித்ததால், அங்கே அது தொல்லைப் பிராணி. முயல் கறி ஆகுமானது. மக்காவுக்கு அருகே மர்ருழ் ழஹ்ரானில் அனஸ் (ரலி) துரத்திப் பிடித்த முயலை அபூதல்ஹா (ரலி) அறுத்து, அதன் தொடையை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பியதாக ஹதீஸில் வருகிறது. அங்கும் பிடித்து அறுத்ததுதான் என்பதைக் கவனிக்கவும்.

ஒரே துப்பாக்கி என்றால், தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வது 12 போர் இரட்டைக்குழலைத்தான். குழலின் உள்விட்டத்துக்குச் சரியான ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு நிற்பதால் அந்தப் பெயர்; விட்டம் ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். தோட்டாவை மாற்றினால் வேலையும் மாறும். காடைக்குப் பொடி ரவை, முயலுக்கு ஐந்தாம் ஆறாம் எண், வாத்துக்கு அதைவிடப் பெரியது. இரண்டு குழல்களின் வாயும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று சற்று அகலம். அருகில் எழும் பறவைக்கு. மற்றது வாயில் சுருக்கியது. ரவை சிதறாமல் சற்றுத் தூரம் போகும். எப்படியானாலும் நாற்பது கஜத்துக்கு அப்பால் பறவையைச் சுடுவது அதைக் காயப்படுத்தி அனுப்புவதற்குச் சமம். 1996க்குப் பிறகு அந்த நாட்டில் பம்ப் துப்பாக்கியும் தானியங்கித் துப்பாக்கியும் சாதாரண லைசென்ஸுக்குக் கிடைப்பதில்லை என்பதால் இரட்டைக்குழலே சட்டத்துக்கும் எளிது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வாங்குமுன் கேட்டுக்கொள்ளட்டும்.

நமக்குப் பிடித்த காரணம் வேறு. இரட்டைக்குழலை மடித்துத் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது தூர நிற்பவருக்கும் தெரியும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைவிடப் பெரிய சிறப்பு ஒரு துப்பாக்கிக்கு வேண்டுமா? ஒன்றோடு நிறுத்துவதும் நல்லதே. 12 போரும் 20 போரும் ஒரே வீட்டில் இருந்தால், 20 போர் தோட்டா தவறிப் பெரிய குழலுக்குள் வழுகிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்ததே இதற்காகத்தான்.

ஆனால் இவ்வளவும் பறவையை வீழ்த்துவதற்கான பேச்சு. அதை ஹலாலாக்குவதற்கு அவர் வாங்க வேண்டிய முதல் பொருள் கூரிய கத்தி. இங்குதான் நாம் சற்றுத் தயங்கினோம். செத்தால் ஆகாது என்றால், சாகாமல் காயப்படும்படி சுடு என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. உயிரை வதைக்காமல் நன்முறையில் அறுக்கச் சொன்ன மார்க்கம் இது. உயிருள்ள பறவையைக் குறிப்பலகையாக்கி அம்பெய்தவர்களைப் பார்த்து, அப்படிச் செய்வோரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) கண்டித்திருக்கிறார்கள். ஆகவே நேராகவே சுடட்டும், உடனே ஓடட்டும். உயிர் இருப்பது தெளிவாகத் தெரிந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்கட்டும். செத்திருந்தால் விட்டுவிடட்டும். முயலில் அறுக்க வாய்ப்புக் கிடைப்பதுண்டு; காடை பெரும்பாலும் கைக்கு வருமுன்பே போய்விடும். பத்தில் எட்டை விட வேண்டி வரும் என்று தெரிந்தால், அந்தப் பறவையைச் சுடவே வேண்டாம் என்பது நம் கருத்து. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி பற்றியும் விசாரணை உண்டு என்ற பொருளில் நஸாயீயில் ஹதீஸ் வருகிறது. சாப்பிட முடியாது என்று தெரிந்தே சுடுவது விளையாட்டு.

வாத்து விஷயம் இன்னும் கடினம். சுடப்பட்ட பறவை தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால் சாப்பிட வேண்டாம் என்று அதீ (ரலி) அவர்களுக்கே சொல்லப்பட்டது; நீரால் செத்ததா, அம்பால் செத்ததா என்பது தெரியாதல்லவா? அம்புக்கே அந்தச் சட்டம் என்றால் ரவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொள்ளிடத்தில் மிதந்து வந்ததை ஆள் விட்டு எடுத்துவரச் செய்வாராம் பெரியவரின் அத்தா. அதற்கு மாலிகி அறிஞரின் கூற்றும் உதவாது.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறியில் தங்கிய ரவையும் அதன் துகளும் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. நீர்நிலையில் விழுந்த ரவையைக் கூழாங்கல் என்று விழுங்கி வாத்துகளும் சாகின்றன. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் நீர்நிலைகளிலும் ஈய ரவை கூடாது. மகன் இருக்கும் நாட்டிலும் வாத்துக்கு ஈயம் கூடாது. எஃகு ரவை வாங்குவதானால் அதற்குத் தாங்கும் புதிய குழலாக இருக்க வேண்டும். அறுத்த முயலானாலும் ரவை பட்ட பகுதியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மற்றதைச் சமைப்பது நல்லது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர், “அப்படியானால் அத்தாவின் துப்பாக்கியையே அவனுக்கு அனுப்பிவிட முடியுமா?” என்று கேட்டார். நாம் சிரித்துவிட்டோம். வீட்டில் மூன்று இருந்தனவாம். 2019ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்றதும், ஒன்றை ஒப்படைத்துவிட்டார். மீதியில் ஒன்று அந்த இரட்டைக்குழல். துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கும் ஊரில் பிறந்ததால் ஆயுதம் பெட்டிக்கடைச் சாமான் என்று நினைத்துவிட்டார் போலும்! இரண்டு நாட்டு அனுமதியும் இல்லாமல் அது எல்லை தாண்டாது. தாண்டினாலும் மகன் அதில் சுடக்கூடாது. அந்தக் காலத்துக் குழல்கள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குக் கடைந்தது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டே முக்கால் அங்குலம். வெடிக்காத நிலையில் அது உள்ளே சரியாகவே உட்காரும். வெடித்து விரியும்போதுதான் இடம் போதாமல் அழுத்தம் ஏறும். உட்கார்ந்துவிட்டதே என்று நம்பிச் சுடுபவர்தான் மாட்டிக்கொள்கிறார். லைசென்ஸ் பெற்ற ஆயுதக்கடைக்காரர் அளந்து பார்த்துச் சொல்லாமல் பழைய குழலில் எதையும் போடக்கூடாது.

அத்தாவின் நினைவாக அதை வைத்துக்கொள்ள விரும்பினால், லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்து, பூட்டிய பெட்டியில் வைக்கட்டும். வாரிசுகளில் யார் பெயருக்கு மாற்றுவது என்பதைத் தாம் உயிரோடு இருக்கும்போதே எழுதி அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆயுதமும் சொத்துத்தான்; பாகப்பிரிவினையில் அதற்கும் மதிப்புப் போட வேண்டும். வேண்டாம் என்றால் லைசென்ஸ் பெற்ற கடையில் விற்று, வந்த பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தெரிந்தவருக்குச் சும்மா கொடுத்தேன் என்பது சட்டத்தில் நில்லாது.

அவர் புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். பரண்மேல் ஒரு பிஸ்கட் டின்னில் அத்தா வைத்துப்போன பழைய தோட்டாக்கள் இருபதோ முப்பதோ கிடக்கின்றனவாம். பச்சை பூத்துவிட்டதாம், காவிரியில் போட்டுவிடட்டுமா என்றார். வேண்டாம், ஆற்றிலும் குப்பையிலும் போடாதீர்கள், அடுப்படி இருக்கும் பக்கத்திலிருந்து இறக்கி, பிள்ளைகள் கைபடாமல் தனியே வையுங்கள், லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு காவல் நிலையம் சென்று விவரம் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள் என்றோம். திங்கட்கிழமை போவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.